பால்மரக் காட்டில் விசுவாசம்: துன்பம் வளர்த்ததா, துணை வளர்த்ததா?

துன்பம் விசுவாசத்தை வளர்க்கும் என்பதைக் கேட்காத கிறிஸ்தவர் நம்மிடையே இருக்க முடியாது. சாவு வீட்டில் சொல்வார்கள், வேலை போனவரிடம் சொல்வார்கள், நோயில் கிடப்பவரின் கட்டிலருகே நின்று சொல்வார்கள். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5-ஆம் அதிகாரமும் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரமும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். அந்தப் பகுதிகளில் பிழை இல்லை. ஆனால் அவற்றை எழுதியவர்கள் தாங்களே அடிபட்டவர்கள். அடிபட்டுக்கொண்டிருந்த சிறு சிறு சபைகளுக்கு எழுதினார்கள். அடிபடாதவர் அடிபட்டவரிடம் அதே வார்த்தையைச் சொல்லும்போது அதன் பொருள் வேறாகிவிடுகிறது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாற்றை முன்னால் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை மறுபடி பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அங்கே துன்பத்துக்குக் குறைவிருக்கவில்லை. விசுவாசமும் வளர்ந்தது. ஆனால் துன்பம் இருந்த இடமெல்லாம் அது வளரவில்லை. எங்கே வளர்ந்தது, எதனால் வளர்ந்தது என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வேதாகமமே இதில் ஒரே குரலில் பேசவில்லை. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடும் அழுகையும்தான். எரேமியாவின் பெயரில் புலம்பலுக்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது. ஆபகூக் கடவுளிடமே கணக்குக் கேட்கிறார். யோபுவின் கதையில், துன்பத்துக்கு அழகழகாக விளக்கம் சொன்ன நண்பர்களைக் கடவுள் கடைசியில் கண்டிக்கிறார்; கோபப்பட்டுக் கேள்வி கேட்ட யோபுதான் சரியாகப் பேசினார் என்று தீர்ப்புச் சொல்கிறார். அந்த நண்பர்கள் நல்லது செய்த நாட்களும் உண்டு. வந்தவுடன் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அந்த நாட்கள்.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் யோபுவின் கதைக்குத் தனி இடம் உண்டு. நட்டாலம் நீலகண்டப் பிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் ஒடிந்திருந்த அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் தெ லன்னோய். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசனிடம் பிடிபட்டு, பிறகு அதே அரசனின் படைத்தலைவரான டச்சுக் கம்பெனி அதிகாரி அவர். ஊரும் உறவும் இழந்து கைதியாக நின்றவர், இழப்பில் இருந்தவரோடு உட்கார்ந்து பேசினார். நீலகண்டப் பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய விசுவாசம் துன்பத்தில் தொடங்கியது என்று சொல்லலாம்தான். துன்பத்தில் இருந்தவர் பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்ததில் தொடங்கியது என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும். திருநெல்வேலியில் விசுவாசத்துக்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் 1799-இல் முதலூர் என்ற கிராமத்தையே புதிதாக அமைத்துக்கொண்டார்களே, அதையும் இதோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். சேர்ந்து குடியிருக்க ஓர் இடம்தான் அவர்களுடைய முதல் தேவையாக இருந்தது.

மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர்களில் இப்படிப் பல மரபுகளில் வந்தவர்கள் இருந்தார்கள். தஞ்சை, திருச்சி, புதுச்சேரிப் பக்கத்துக் கத்தோலிக்கர், திருநெல்வேலி ஆங்கிலிக்கர், தரங்கம்பாடி வழிவந்த லூத்தரன் சபையினர். மெதடிஸ்ட் சபையினர் 1885-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மிஷன் தமிழரிடையேயும் வேர்விட்டது. பாரிஸ் வெளிநாட்டு மிஷன் குருக்கள் சிலர் தமிழ் கற்றுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார்கள். கோலாலம்பூர் பூடுவில் புனித அந்தோணியார் ஆலயம் 1910-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்தது. பிரிக்பீல்ட்ஸில் லூத்தரன் சபையின் சீயோன் ஆலயம் 1924-இல் எழுந்தது. நெகிரி செம்பிலானில் சிரம்பான் நகரத்து ஆலயங்கள் சுற்றியிருந்த தோட்டங்களுக்குத் தாய்வீடு. லாபு, ரந்தாவ், சிலியாவ், போர்ட்டிக்சன், பகாவ், தம்பின் என்று ரப்பர் எங்கே போனதோ அங்கெல்லாம் சில கிறிஸ்தவக் குடும்பங்களும் போயின.

சில குடும்பங்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர் 2010 குடிமதிப்பின்படி நூற்றுக்கு 6 பேர். ஒரு தோட்டத்தில் நூறு வீடுகள் இருந்தால் ஐந்தாறு வீடுகள் கிறிஸ்தவ வீடுகளாக இருக்கலாம். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. மாரியம்மன் கோயில் திருவிழாதான் தோட்டத்தின் திருவிழா. அந்தச் சிறுபான்மைக்குள்ளும் பிரிவுகள் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கிராணி என்ற எழுத்தராகவும் ஆசிரியராகவும் மருத்துவ உதவியாளராகவும் இருந்தார்கள். பால் வெட்டியவர்கள் லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்தார்கள். ஒரே ஆண்டவரை வணங்கினார்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. சாதியும் கப்பலேறி வந்திருந்தது. தோட்டத்துத் துன்பத்தைப் பற்றிப் பேசும்போது வெள்ளைக்காரத் துரையையும் பின்னால் வந்த ஜப்பான்காரனையும் மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

அன்றாடத் துன்பம் என்பது என்ன? பெரும்பாலும் மழை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டும். மண்டோர் பெயர் வாசிப்பார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்க வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். மரத்தில் ஈரம் இருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் இருந்த பால் தண்ணீரோடு வழிந்து தரையில் போகும். வெட்டு இல்லை என்றால் அன்றைய கூலி இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு குடும்பம் எத்தனை நாள் சும்மா இருக்க வேண்டும் என்பது வானத்தின் கையில். கடைக்காரரிடம் பற்று ஏறும். மழைக்காகவும் மழை நிற்பதற்காகவும் ஜெபிக்கிறவர்கள் உலகில் எத்தனையோ பேர். தோட்டத்தில் அந்த ஜெபத்தின் விடை சம்பளச் சீட்டில் எழுதப்பட்டிருந்தது.

தோட்டப் பிரசங்கங்களில் திரும்பத் திரும்ப வந்த ஓர் உவமை உண்டு: காயம்பட்ட மரம்தான் பால் தரும். கேட்கிறவர்கள் தினமும் அந்த மரத்தோடு வாழ்கிறவர்கள். அதனால் உவமை உடனே மனதில் தைக்கும். ஆனால் அந்தத் தொழிலாளிகளுக்கு மேடையில் நின்றவரைவிட மரத்தை நன்றாகத் தெரியும். பால் வெட்டுவது நுணுக்கமான வேலை. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டையைச் சீவ வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய படலத்தில் கத்தி பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை கட்டிகட்டியாக முண்டுவிட்டு வளரும், அடுத்த முறை வெட்ட முடியாது. தினமும் வெட்டினாலும் மரம் வறண்டு போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு தேவை. வெட்டிய பட்டை மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும். காயம் பால் தருகிறது என்பதைவிட, அளவறிந்த கையும் ஓய்வும் கிடைத்த மரம் காயத்தைத் தாங்குகிறது என்பதே உண்மை. அந்த உவமையை அப்படிச் சொன்ன போதகர் இருந்திருந்தால் லயத்து மக்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றிருப்பார்கள்.

1942 முதல் 1945 வரையான ஜப்பானியர் காலத்துக்கு வருவோம். இந்தக் கேள்விக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. ரப்பர் ஏற்றுமதி நின்றது, கூலி நின்றது, அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்கே சோறு, சாக்கே துணி. அந்த நிலையில்தான் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ஆசை காட்டியும் ஏமாற்றியும் வலுக்கட்டாயமாகவும் லாரியில் ஏற்றினார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் புண்ணிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். கூட்டமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். பெயர் எழுதி வைத்தவர் இல்லை.

அதே ரயில் பாதையிலிருந்து உலகப் புகழ்பெற்ற ஒரு விசுவாசச் சாட்சியம் வந்தது. எர்னஸ்ட் கோர்டன் என்ற ஸ்காட்லாந்துப் படை அதிகாரி போர்க்கைதியாக அங்கே வேலை செய்தவர். பிறகு பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆலயத்தின் தலைவரானார். 1962-இல் அவர் எழுதிய நூலை இன்றும் பல நாட்டுக் கிறிஸ்தவர்கள் வாசிக்கிறார்கள். சாகக் கிடந்தபோது சக கைதிகள் இருவர் அவருடைய புண்களைக் கழுவிக் கட்டினார்கள், கால்களைப் பிடித்துவிட்டார்கள், உணவூட்டினார்கள். விசுவாசம் அப்படித்தான் தன்னிடம் வந்தது என்கிறார். முகாமில் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டிருந்த காலத்தில் விசுவாசமும் செத்துக் கிடந்தது. ஒருவரையொருவர் தூக்கத் தொடங்கியபோது அதுவும் எழுந்தது. அவர் எழுதியதன் சாரம் எனக்கு இதுதான்.

போர்க்கைதிகளில் சுமார் 60,000 பேர் அந்தப் பாதையில் உழைத்தார்கள்; 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு அதைப்போலப் பல மடங்கு. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், குருமார் இருந்தார்கள். குறிப்பேடு இருந்தது, திரும்பிப் போக நாடு இருந்தது. தமிழனுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அந்தத் தமிழர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் அந்தக் காட்டில் எப்படி ஜெபித்தார்கள், யாரோடு சேர்ந்து ஜெபித்தார்கள், ஜெபிப்பதையே விட்டுவிட்டார்களா என்பதைச் சொல்லும் புத்தகம் நம்மிடம் இல்லை. துன்பத்தில் விசுவாசம் வளர்கிறது என்று நாம் காட்டும் சான்றுகளில் பெரும்பாலானவை தப்பிப் பிழைத்து, எழுதத் தெரிந்து, எழுதியதை அச்சிட ஆள் இருந்தவர்களின் சான்றுகள். இந்தக் கேள்வியைப் பற்றி எழுதுகிற எவரும் இதை மறக்கக் கூடாது.

அதே ஆண்டுகளில் நெகிரி செம்பிலான் மண்ணிலேயே இன்னொரு சோதனையும் நடந்தது. 1943 இறுதியில் சிங்கப்பூரின் உணவுப் பஞ்சத்தைக் குறைப்பதற்காக, கத்தோலிக்கரான யுரேஷியர்களையும் சீனர்களையும் பகாவ் பக்கத்துக் காட்டில் குடியேற்ற ஜப்பானியர் ஏற்பாடு செய்தார்கள். பூஜி கோ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவர்கள் கையில் மண்வெட்டியோடு காட்டை அழிக்க வந்தார்கள். நிலம் விளையவில்லை, கொசு விளைந்தது. மலேரியா நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. மலாக்கா மறைமாவட்ட ஆயர் அட்ரியன் தெவால்ஸ் பிரெஞ்சுக்காரர். சிங்கப்பூரிலேயே இருந்துவிடாமல் தம் மக்களோடு அந்தக் காட்டுக்குள் வந்து குடியிருந்தார். அவர்களோடு மண்ணைக் கொத்தினார். காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்தார்.

பகாவ் குடியேற்றத்தைத் தோல்வி என்றே வரலாறு எழுதுகிறது. விவசாயத்தில் அது சரிதான். ஆனால் பிழைத்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அதை நினைவில் வைத்திருந்து எழுதியிருக்கிறார்கள். அந்த நினைவின் நடுவில் நிற்பவர் தங்களோடு வந்து தங்களைப் போலவே செத்த ஆயர். துன்பத்தைப் பற்றி அவர் செய்த பிரசங்கம் எதையும் நான் வாசித்ததில்லை. செய்திருந்தாலும் அவர் வந்ததைவிட அது பெரியதாக இருந்திருக்காது. பகாவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அந்த நேரத்தில் கணவனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டுக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் கதையையும் இப்படி யாராவது எழுதி வைத்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

போர் முடிந்து வந்த ஆண்டுகளில் அந்தப் பெண்கள்தான் தோட்டத்துச் சபையைத் தாங்கினார்கள். விதவைகள், பாதி உயிராகத் திரும்பிய கணவனைப் பார்த்துக்கொண்டவர்கள், அநாதைகளாகிவிட்ட அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தவர்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக 1948-இல் தொடங்கிய அவசரகாலம் அடுத்த சுமையாக வந்தது. கம்பிவேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு, இரண்டு பக்கமும் துப்பாக்கி. அதை இங்கே விரிக்கவில்லை.

குரு அல்லது போதகர் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம். இடைப்பட்ட நாட்களில் உபதேசியார் இருந்தார். பால் வெட்டுகிறவராகவோ தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ இருந்துகொண்டே ஞாயிறு வழிபாட்டை நடத்துவார், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பார், சாவுக்கு ஜெபம் சொல்வார். வீட்டு ஜெபக்கூட்டம் நடந்த விதத்தை அந்தத் தலைமுறையினர் யாரைக் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மாலையில் குளித்துவிட்டு ஒரு வீட்டு முன்திண்ணையான அஞ்சடியில் பாய் விரிப்பார்கள். மண்ணெண்ணெய் விளக்கு. ஒரே ஒரு பாட்டுப் புத்தகம், அதுவும் அட்டை போனது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பாடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்குச் சங்கீதங்கள் மனப்பாடம். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் பாடுகளைச் சொல்வார்கள். மகளுக்குக் காய்ச்சல், கிராணி பெயரை வெட்டிவிட்டார், புருஷன் கள்ளுக்கடையே கதியாகக் கிடக்கிறார். சொன்னதையெல்லாம் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். முடிந்ததும் கோப்பியும் அவித்த கிழங்கும். மறுநாள் காய்ச்சல்காரப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கஞ்சி போகும்.

அந்தக் கூட்டத்தில் ஜெபத்துக்கும் கஞ்சிக்கும் நடுவே கோடு எதுவும் இல்லை. முறையிடவும் இடம் இருந்தது. வாய்விட்டு அழுதவளை விசுவாசம் குறைந்தவள் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து இந்து வீட்டு அம்மாவும் வந்து பாயின் ஓரத்தில் உட்காருவார். மாரியம்மன் திருவிழாக் கூழ் கிறிஸ்தவ வீட்டுக்கும் வரும். மலேசிய ஆங்கிலிக்கன் குருவும் இறையியலாளருமான சடையாண்டி பத்துமலை, அயலாரை மையமாக வைத்துத் தம் இறையியலை எழுதினார். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த இறையியல் நடைமுறையில் தெரிந்திருந்தது. பத்தடிக்குப் பத்தடி அறையும் நடுவில் ஒரு பலகைச் சுவரும்தான். பக்கத்து வீட்டு இருமல் கேட்கும், பசியும் தெரியும்.

திருச்சபை எல்லா நேரத்திலும் இப்படிப் பக்கத்தில் நிற்கவில்லை. கூலி குறைவு என்று தொழிலாளர் எழுந்தபோது, இதுவும் ஒரு சிலுவை, பொறுமையாகச் சுமந்து போங்கள் என்று சொன்ன குரல்கள் இருந்தன. துரையும் அதே ஆலயத்துக்கு நன்கொடை கொடுப்பவராக இருக்கும்போது இந்தப் போதனை சுலபமாக வாயில் வரும். 1946-இல் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான பி. பி. நாராயணன், 1954-இல் பல சங்கங்களை இணைத்துத் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியபோது, தோட்டத்து மனிதனுக்கு நிமிர்ந்து நிற்க ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தை ஆலயம் முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மனிதர் சுமத்திய சுமையைக் கடவுள் தந்த சிலுவை என்று சொல்வது யோபுவின் நண்பர்கள் செய்த தவறைவிடப் பெரிய தவறு. அவர்கள் விளக்கம் மட்டும்தான் சொன்னார்கள். இங்கே அந்த விளக்கத்தால் ஒருவருக்கு லாபமும் இருந்தது.

1969-இல் வேலை பெர்மிட் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சிவப்பு அடையாளக்கார்டு வைத்திருந்தவர்களும் குடியுரிமைப் பத்திரம் வாங்காமல் இருந்துவிட்டவர்களும் திணறினார்கள். சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பிறந்ததிலிருந்து பார்த்தறியாத தமிழ்நாட்டுக்குப் பிள்ளைகள் கப்பலேறினார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே. தோட்டத்துச் சபைகளில் பாயில் இடம் காலியானது.

இதற்குப் பிறகுதான் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு திருப்பம் வந்தது. 1955-இல் கோலாலம்பூரின் முதல் ஆயராகப் பொறுப்பேற்றவர் டோமினிக் வெண்டர்கோன். அவர் காலத்தில், 1976-இல், தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஏறத்தாழ ஒரு மாதம் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். சிறு குழுக்களாக மக்கள் வீடுகளில் கூடும் அன்பியங்களைக் கட்டுவது என்பது அவர்கள் எடுத்த முடிவுகளில் ஒன்று. பின்னாளில் பேராயராகி, 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினாலான சோட்டர் பெர்னாண்டஸ் அதை முன்னின்று வளர்த்தார். லயத்து அஞ்சடியில் பாட்டிகள் பல ஆண்டுகளாகச் செய்துவந்ததை ஆயர்கள் ஏற்று ஒழுங்குபடுத்திய தருணமாக நான் அதைப் பார்க்கிறேன். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமும் இதே பக்கத்தில் நின்றது. கண்டு, சீர்தூக்கி, செயல்படு என்ற அதன் வழிமுறை ஜெபத்தையும் சம்பளச் சீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வைத்தது.

பிறகு வந்ததுதான் யாரும் எதிர்பாராத துன்பம்: தோட்டமே இல்லாமல் போனது. ஏற்கெனவே 1950-களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் பல குடும்பங்களைத் தெருவில் விட்டிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆள் போதும். அந்த ஆளும் வெளிநாட்டிலிருந்து வந்தார். 1980-களிலிருந்து நகரம் தோட்டத்தை விழுங்கத் தொடங்கியது. இன்று சிரம்பான் 2 என்று நாம் அறிந்த நகரம், நீலாய், ஸ்ரீ செண்டாயான் எல்லாம் பால்மரம் நின்ற நிலங்கள். வேலை போனது, வேலையோடு வீடும் போனது, ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. கோயில், தமிழ்ப்பள்ளி, கல்லறை, மாதா கெபி எல்லாம் கேள்விக்குறியாயின. மலிவு விலை வீட்டுக்கும் ஐந்து மாடி ஃபிளாட்டுக்கும் குடிபோனார்கள்.

பழைய துன்பங்களில் பசி இருந்தது, சாவு இருந்தது. ஆனால் பக்கத்து வீடு இருந்தது. இந்தத் துன்பம் பக்கத்து வீட்டையே எடுத்துக்கொண்டது. என் பார்வையில் போரைவிட, அவசரகாலத்தைவிட, தமிழ்க் கிறிஸ்தவ விசுவாசத்தை அதிகமாக உலுக்கியது இந்த இடப்பெயர்வுதான். தோட்டத்தில் இருபது பேர் கூடிய ஜெபக்கூட்டம் ஃபிளாட்டில் நான்கு பேருக்குச் சுருங்கியது. பிள்ளைகள் எந்தக் கூட்டத்தோடு சேர்கிறார்கள் என்று தாய்க்குத் தெரியவில்லை. அவள் இரண்டு ஷிப்டு தொழிற்சாலை வேலையில் இருந்தாள். சிரம்பான் நகரத்து ஆலயத்துக்குப் போனால் வழிபாடு ஆங்கிலத்தில். தமிழ் வழிபாட்டு நேரத்தில் பஸ் கிடைக்காது. அப்படியே ஆலயத்திலிருந்து நழுவிப் போனவர்கள் ஏராளம். விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று அவர்கள் ஒருநாளும் சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வெற்றிடத்தில்தான் பெந்தெகொஸ்தே சபைகள் வளர்ந்தன. அவற்றைப் பற்றிப் பழைய சபையினர் கசப்பாகப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கசப்பில் நியாயம் பாதி. கடைவீட்டு மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தமிழில் ஆராதனை நடத்தி, வேன் அனுப்பி ஆளை அழைத்து வந்து, குடிகாரக் கணவனுக்காகக் கைவைத்து ஜெபித்து, மறுநாள் கைப்பேசியில் விசாரித்தவர்கள் அவர்கள். லயத்து அஞ்சடி செய்ததை அவர்கள் ஃபிளாட்டில் செய்தார்கள். மறுபக்கமும் உண்டு. ஆசீர்வாதம் என்றால் வீடும் காரும் என்று போதிக்கும் குரல் அதே மேடைகள் சிலவற்றில் ஏறியது. அந்தப் போதனையில் துன்பத்துக்கு ஒரே விளக்கம்தான்: உன் விசுவாசம் போதவில்லை. புற்றுநோய் வந்த தாயிடம் அதைச் சொன்னால் அவள் நோயோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமப்பாள். பழைய போதனை துன்பத்தைச் சகித்துக்கொள் என்றது. புதிய போதனை துன்பம் வந்ததே உன் தவறு என்கிறது. முதலாவதைவிட இரண்டாவது கொடியது.

அப்படியானால் வளர்ச்சி என்று எதைச் சொல்வது? தலை எண்ணிக்கையை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர் கடவுளிடம் உண்மையைப் பேசத் துணிவது வளர்ச்சி. தனக்குப் பசிக்கும்போது அடுத்தவர் பசியும் கண்ணில் படுவது வளர்ச்சி. தீங்கு செய்தவரை மன்னிப்பதும், தீங்கைத் தீங்கு என்று சொல்ல அஞ்சாமல் இருப்பதும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது வளர்ச்சி. அதை அண்மையிலும் பார்த்தோம். 2020-21-இல் கோவிட் வந்தபோது ஆலயக் கதவுகள் மூடின. தினக்கூலிக்காரர் வீடுகளில் அரிசி தீர்ந்தது. 2021-இல் மக்கள் உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். அந்த நாட்களில் யார் கொடி, எந்த மதம் என்று பார்க்காமல் மளிகைப் பொட்டலத்தோடு ஃபிளாட்டின் படியேறிய சபையினர் இருந்தார்கள். பெரும்பாலும் தோட்டத்தில் வளர்ந்த அம்மாக்களின் பிள்ளைகள்.

இன்றைக்கு நெகிரி செம்பிலானின் செம்பனைத் தோட்டங்களில் இருப்பவர்கள் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளியர். ஒப்பந்தத்தில் வந்த இந்தியரும் உண்டு. கடவுச்சீட்டு முதலாளி கையில், கடன் ஏஜெண்ட் கையில். நம் தாத்தாக்கள் கங்காணியிடம் பட்ட கடனுக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. அவர்களில் யாராவது நம் தமிழ் வழிபாட்டுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தால் நாம் திரும்பிப் பார்க்கிறோமா என்பதை ஒவ்வொரு சபையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வேலையும் காத்திருக்கிறது, அதைத் தள்ளிப்போட முடியாது. சயாமுக்குத் தகப்பனை அனுப்பியபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று 90-க்கு மேல். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய ஒரு கைப்பேசியும் ஒரு மதியமும் போதும். பழைய ஆலயங்களில் பதிவேடுகளும் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் ஞானஸ்நானம் பெற்றவருடைய திருமணத்தையும் பின்னாளில் குறித்து வைப்பது கத்தோலிக்க முறை. 1910-களிலும் 20-களிலும் தோட்டங்களில் ஞானஸ்நானம் பெற்று, ஓரத்தில் எதுவும் எழுதப்படாமலோ திருமணக் குறிப்போடு நின்றுவிட்டோ, அடக்கப் பதிவேட்டில் பெயர் வராத ஆண்கள் யார் யார் என்று சிரம்பான் பக்கத்துச் சபை இளைஞர்கள் ஒரு பட்டியல் எடுக்கலாம். ஊர் மாறிப் போனவர்கள் அதில் இருப்பார்கள், தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் இருப்பார்கள். சயாமிலிருந்து வராதவர்களும் இருப்பார்கள். குடும்பத்தாரைத் தேடிக் கேட்டால் பிரித்தறிய முடியும். வராதவர்களின் பெயர்களை நவம்பர் 2 அன்று, இறந்த விசுவாசிகள் எல்லாரையும் நினைக்கும் வழிபாட்டில், ஊர்ப் பெயரோடும் தோட்டத்துப் பெயரோடும் வாசிக்கலாம்.